டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு நெட் வரவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

அப்டேட் போட்டதிலிருந்து லேப்டாப்பில் நெட் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரூட்டரை அணைத்துப் போடு என்பார் ஒருவர். நெட் கம்பெனிக்குப் போன் போடு என்பார் இன்னொருவர். "ஃபார்மட் போட்டுடு, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். எனக்குக் கவலை இந்தக் கடைசி யோசனையைப் பற்றித்தான். கல்லூரி பிராஜெக்ட், கடைக் கணக்கு, குழந்தையின் பிறந்தநாள் படங்கள் என எத்தனையோ பேருடைய கோப்புகள் இப்படித் தேவையே இல்லாமல் அழிந்திருக்கின்றன.

டிரைவர் மாறியதால் நெட் போயிருந்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அதற்கு முன், போனது நிஜமாகவே டிரைவர்தானா என்று தெரிய வேண்டும். நேற்று அப்டேட் வந்தது, இன்று நெட் போனது என்ற வரிசை மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப்பை மனதில் வைத்து இதை விளக்குகிறேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு பகுதி இருக்கிறது.

## டிரைவர் என்ன வேலை செய்கிறது?

போர்வெல் போட்ட வீட்டில் மோட்டார் மண்ணுக்கு அடியில் கிடக்கும். ஸ்விட்ச் சுவரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். ஸ்விட்சுக்குத் தெரிந்தது 'போடு, நிறுத்து' இரண்டும்தான். அந்த மோட்டாரைக் கிளப்ப எப்படி மின்சாரம் கொடுக்க வேண்டும், அளவு மீறினால் எப்போது துண்டிக்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்டார்ட்டரின் பொறுப்பு. மோட்டாரின் ஹெச்.பி.க்குப் பொருந்தாத ஸ்டார்ட்டரை மாட்டினால் என்ன ஆகும்? மோட்டார் நல்லாத்தான் இருக்கும், போரில் தண்ணீர் இருக்கும், குழாயிலும் அடைப்பு இருக்காது. ஆனாலும் தொட்டி நிரம்பாது.

லேப்டாப்பில் வைஃபை சிப்தான் மோட்டார், விண்டோஸ்தான் ஸ்விட்ச். டிரைவர் என்பது நடுவில் இருக்கும் ஸ்டார்ட்டர். அது ஒரு பொருள் அல்ல, ஒரு மென்பொருள். 'இந்தத் தகவலை அனுப்பு' என்று விண்டோஸ் பொதுவாகச் சொல்லும். இன்டெல் சிப்புக்கு அதை ஒரு விதமாகச் சொல்ல வேண்டும், ரியல்டெக் சிப்புக்கு வேறு விதம், மீடியாடெக், குவால்காம் சிப்புகளுக்கு இன்னும் வேறு. அந்தந்தச் சிப்பின் எந்த இடத்தில் எதை எழுதினால் அது என்ன செய்யும் என்று அறிந்திருப்பது டிரைவர் மட்டுமே. தகவல் வந்து சேர்ந்ததும் சிப் தரும் சைகையை வாங்கி விண்டோஸிடம் சேர்ப்பதும் அதுதான்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று ஃபர்ம்வேர். சிப்புக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள் அது. பல வைஃபை சிப்புகள் கணினி கிளம்பும்போது வெறுமையாகத்தான் இருக்கும். டிரைவர்தான் ஃபர்ம்வேரை உள்ளே ஏற்றிவிடும். அப்டேட் பாதியில் நின்று, டிரைவர் புதியதாகவும் ஃபர்ம்வேர் பழையதாகவும் போனால் சிப் கிளம்பாமல் முரண்டு பிடிக்கலாம்.

டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னல் எனப்படும் பகுதியில் ஓடுகின்றன. இயங்குதளத்தின் உள்மையம் அது. நினைவகம் முதல் வன்பொருள் வரை எல்லாமே அதன் கையில். பிரவுசர் கெட்டால் பிரவுசர் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் ஒன்று கெட்டால் கணினியே விழுந்துவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கெர்னல் டிரைவர் படித்த ஒரு தரவுக் கோப்பில் பிழை இருந்தது. அதனால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டிரைவர் விஷயத்தில் ஏன் நிதானம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு நாளே போதும்.

இதுவரை பார்த்தது: டிரைவர் என்பது விண்டோஸுக்கும் சிப்புக்கும் நடுவே நிற்கும் மென்பொருள். அது பொருந்தவில்லை என்றால் சிப் நல்லபடியாக இருந்தும் வேலை நடக்காது. சிப் எரிந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

## ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்றுகிறார்கள்?

"அப்டேட்டே போடக் கூடாது, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடு" என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பதை வெளிப்படுத்தினார். கிராக் என்று பெயர் பெற்ற ஓட்டை அது. பாஸ்வேர்ட் தெரியாத ஒருவர்கூட அருகில் இருந்து தகவலை ஒட்டுக்கேட்க அது வழி செய்தது. இயங்குதளங்களுக்கும் டிரைவர்களுக்கும் வந்த அப்டேட்கள்தான் அதை அடைத்தன. பாஸ்வேர்டை மாற்றியவர்களுக்கு அதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை.

அப்படியானால் நல்லதற்கு வரும் அப்டேட் ஏன் கெடுக்கிறது? ஒரே வைஃபை சிப் நூற்றுக்கணக்கான லேப்டாப் மாடல்களில் இருக்கும். ஆனால் ஆன்டெனா, மின் இணைப்பு, பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் லேப்டாப் கம்பெனிகள் சிப் கம்பெனியின் டிரைவரைத் தங்கள் மாடலில் சோதித்து, தேவைப்பட்டால் திருத்தி வெளியிடுகின்றன. பொதுவான புதிய பதிப்பு வந்து அதன் மேல் உட்காரும்போது சில மாடல்களில் ஒத்துப்போவதில்லை. அப்டேட் ஆகும்போது நீங்கள் மாற்றி வைத்திருந்த அமைப்புகள் பழையபடி ஆரம்ப நிலைக்குப் போவதும் உண்டு. இதைப் பலர் டிரைவர் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

விண்டோஸ் அப்டேட் சில டிரைவர்களைத் தானே போட்டுவிடும். மற்றவற்றை 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற பட்டியலில் வைத்துக் காத்திருக்கும். அங்கே இருப்பதையெல்லாம் டிக் செய்து போட்டால் கணினி வேகமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நெட் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது என்றால் அந்தப் பட்டியலில் உள்ள நெட்வொர்க் டிரைவரைத் தொடாதீர்கள். 'உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழையவை' என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தி, மொத்தமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் செயலிகளை ஒருபோதும் நிறுவாதீர்கள்.

சரி, மாறியது டிரைவர்தானா? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. அங்கே டிரைவர் அப்டேட்ஸ் என்று தனிப் பகுதி இருக்கும். எந்தத் தேதியில் எது வந்தது என்று தெரியும். நெட் போன நாளை ஒட்டி வைஃபை அல்லது ஈதர்நெட் (கேபிள் வழி நெட்) டிரைவர் ஒன்று அங்கே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இல்லையென்றால் வேறு இடத்தில் தேடுங்கள். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, கல்லூரி, அலுவலக வைஃபைகளில் பலரால் இணைய முடியவில்லை. அது டிரைவர் அப்டேட் அல்ல, விண்டோஸ் அப்டேட். கோளாறை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அதற்குள் டிரைவரைக் கழற்றி மாட்டி அலுத்துப்போனவர்கள் ஏராளம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரைவரின் விவரத்தில் 'டிரைவர் டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அது உங்கள் கணினியில் நிறுவிய தேதி அல்ல. விண்டோஸோடு வரும் பல டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்றே போட்டிருக்கும். மற்ற நிறுவனங்களின் டிரைவர் எதுவாக இருந்தாலும் இதைவிடப் புதியதாகத் தெரிந்து அதற்கே முன்னுரிமை கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்த தேதி அது. இன்டெலின் சிப்செட் டிரைவர்கள் சிலவற்றில் 1968 ஜூலை 18 என்று, அந்த நிறுவனம் பிறந்த தேதியே இருக்கும். தேதி பழையதாக இருக்கிறதே என்று பதறி மாற்றிவிடாதீர்கள்.

## 'நெட் வரல' என்பது ஒரே கோளாறு அல்ல

நீங்கள் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டியதும் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். முதலில் லேப்டாப்பின் சிப்பும் டிரைவரும் விழித்திருக்க வேண்டும். அடுத்து அது ரூட்டரோடு இணைய வேண்டும். ரூட்டர் என்பது வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் வெளி இணையத்தோடு சேர்க்கும் பெட்டி. மூன்றாவதாக, ரூட்டர் உங்கள் லேப்டாப்புக்கு ஓர் ஐபி முகவரி தர வேண்டும். தகவல் யாருக்கு வந்து சேர வேண்டும் என்று காட்டும் எண் அது. பிறகு ரூட்டரிலிருந்து நெட் கம்பெனிக்குப் போகும் கம்பி உயிரோடு இருக்க வேண்டும். கடைசியாக, நீங்கள் தட்டிய பெயருக்கு உரிய எண்ணை டிஎன்எஸ் கண்டுபிடித்துத் தர வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் இணைய ஏடுதான் டிஎன்எஸ்.

டிரைவர் அப்டேட் நேரடியாகக் கெடுக்கக்கூடியது முதல் இரண்டு இடங்களைத்தான். மூன்றாவது அதன் விளைவாகக் கெடலாம். நான்காவதுக்கும் உங்கள் டிரைவருக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்தாவதும் டிரைவரால் கெடுவது அபூர்வம்.

முதல் சோதனைக்கு லேப்டாப்பே தேவையில்லை. கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதிலும் நெட் வரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்புக்கு வெளியே. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். நெட் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கைப்பேசியில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே போகலாம்.

## டிவைஸ் மேனேஜரில் பார்க்க வேண்டியது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். அதைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். நெட்டுக்கான கருவிகளைத்தான் விண்டோஸ் அடாப்டர் என்கிறது. வான் மினிபோர்ட் என்ற பெயரில் ஏழெட்டு வரிகள் இருக்கும். அவை விண்டோஸின் சொந்தச் சரக்கு. வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற சொல்லோடு சிப் கம்பெனியின் பெயர் உள்ள வரிதான் நமக்கு வேண்டியது.

அந்த வரியே இல்லை என்றால் சிப் இருப்பதையே விண்டோஸ் உணரவில்லை. வரி இருந்து, அதன் ஓரத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், சிப் தெரிகிறது, டிரைவர் அதை ஓட்ட முடியவில்லை என்று பொருள். அந்த வரியில் இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் காரணம் ஒரு எண்ணோடு எழுதியிருக்கும். கோட் 10 என்றால் கருவி கிளம்பவில்லை. கோட் 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. கோட் 43 என்றால், தனக்குக் கோளாறு என்று கருவியே சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. கோட் 22 என்றால் யாரோ அதை டிசேபிள் செய்திருக்கிறார்கள். எனேபிள் கொடுத்தால் முடிந்தது.

மூன்றாவது நிலைதான் குழப்பமானது: வரி இருக்கிறது, முக்கோணம் இல்லை, 'கருவி சரியாக வேலை செய்கிறது' என்று எழுதியும் இருக்கிறது, ஆனால் நெட் இல்லை. அப்போது ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் வைஃபைக்குள் ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் என்ற இடத்தில் ஐபிவி4 முகவரி இருக்கும். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரூட்டர் கொடுத்தது. முதல் மூன்று இடமும் சரியாக இருக்கின்றன. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து பதில் வரவில்லை, விண்டோஸ் தானாகவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறது. வைஃபை சின்னம் முழுசாகத் தெரிந்தாலும் உண்மையில் தகவல் போய்வரவில்லை.

அடுத்து பிங். எதிர்முனைக்குச் சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை இது. கட்டளைகளைத் தட்டுவதற்கான கமாண்ட் பிராம்ப்ட் என்ற திரையைத் திறந்து, பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுத்து என்டர் அழுத்துங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. ரிப்ளை ஃப்ரம் 8.8.8.8 என்று நான்கு வரிகள் வந்தால் இணையம் உங்கள் லேப்டாப் வரை வந்துவிட்டது. இணையதளம் திறக்காததற்குக் காரணம் டிஎன்எஸ் அல்லது பிரவுசர். ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்றால் போன தகவல் திரும்பவில்லை. ஜெனரல் ஃபெயிலியர் என்றால் தகவல் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை. டிரைவரையோ, விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் மென்பொருள்), ஆன்டிவைரஸ் போல நடுவில் புகுந்திருக்கும் மென்பொருளையோ சந்தேகிக்கலாம்.

127.0.0.1-க்குப் பிங் செய்து பதில் வந்தால் நெட்வொர்க் கார்டு (சிப் பொருத்திய சின்ன அட்டை) நன்றாக இருக்கிறது என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அது தவறு. அந்த எண் கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. சிப்பைத் தொடாமலேயே பதில் வந்துவிடும். வைஃபை கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாலும் அந்தப் பிங் வேலை செய்யும்.

இதுவரை பார்த்தது: கைப்பேசிச் சோதனை கோளாறு லேப்டாப்புக்கு வெளியிலா, உள்ளேயா என்று பிரித்துக் காட்டும். டிவைஸ் மேனேஜர் டிரைவரின் நிலையைச் சொல்லும். ஐபி முகவரியும் பிங்கும் மிச்ச வழியைக் காட்டும்.

## ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

டிரைவரை மாற்றும் முன் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். "நேத்தே ஷட் டவுன் பண்ணித் திறந்தாச்சு" என்று சொல்வார்கள். அது இதற்கு ஈடாகாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால், கெர்னலையும் டிரைவர்களையும் இருக்கும் நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அப்படியே தூக்கி நிறுத்தும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிய நிலையிலேயே மறுநாளும் எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

வைஃபை வரியே டிவைஸ் மேனேஜரில் காணவில்லை, அல்லது கோட் 10 வருகிறது என்றால் இன்னொரு படி போகலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போது முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டித் திறங்கள். சிப்பில் தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்து, ஃபர்ம்வேர் மீண்டும் முதலிலிருந்து ஏறும். காணாமல் போன வைஃபை இப்படித் திரும்பி வருவது சகஜம்.

இந்த இடத்தில் ப்ளூடூத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில் இருக்கும், டிரைவர்கள் மட்டும் தனித்தனி. ப்ளூடூத் இருந்து வைஃபை மட்டும் போயிருந்தால் வைஃபை டிரைவர் மீது சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் கார்டு, அதன் மின்சாரம், அது செருகியிருக்கும் இடம் ஆகியவற்றில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

## பழைய டிரைவருக்குத் திரும்புதல்

டிவைஸ் மேனேஜரில் வைஃபை வரியை இரண்டு முறை கிளிக் செய்து, டிரைவர் என்ற தாவலுக்குப் போனால் ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் இருக்கும். மாற்றத்துக்கு முன் இருந்த டிரைவரை விண்டோஸ் தூக்கி எறிவதில்லை. அதைத் திரும்பக் கொண்டுவரும் பட்டன் இது. ஏன் திரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட்டால் போன நெட் பெரும்பாலும் இங்கேயே திரும்பிவிடும்.

அந்தப் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறதா? சோர்ந்துவிட வேண்டாம். அதே தாவலில் அப்டேட் டிரைவர் கொடுங்கள். இணையத்தில் தேடும் வாய்ப்பை விட்டுவிட்டு, கணினிக்குள் தேடும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் கீழே, கணினியில் இருக்கும் டிரைவர்களின் பட்டியலிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் சிப்புக்குப் பொருந்தும் பதிப்புகள் வரிசையாக வரும். பல கணினிகளில் இரண்டு மூன்று இருக்கும். இப்போது ஓடுவதைவிடக் குறைந்த பதிப்பு எண் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நெட்டே இல்லாமல் செய்யக்கூடிய வேலை இது. ஆனாலும் இதை அறிந்தவர்கள் குறைவு.

அதுவும் பலிக்கவில்லை என்றால் அன்இன்ஸ்டால் டிவைஸ். அப்போது டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று ஒரு கட்டம் தெரியும். அதை டிக் செய்யாமல் நீக்கினால், ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அதே கெட்ட டிரைவரை எடுத்து மறுபடி மாட்டிவிடும். 'பத்து தடவை அன்இன்ஸ்டால் பண்ணியும் சரியாகல' என்பவர்கள் பலரும் தவறவிட்டது இந்தக் கட்டத்தைத்தான். டிக் செய்வதற்கு முன், சரியான டிரைவர் கையில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

## நெட் இல்லாமல் டிரைவரை எப்படி டவுன்லோட் செய்வது?

ஆண்ட்ராய்ட் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கைப்பேசியின் நெட், கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். லேப்டாப்பின் வைஃபை சிப்புக்கு இதில் வேலையே இல்லை. இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. ஐபோன் என்றால் ஆப்பிளின் மென்பொருள் முன்பே நிறுவியிருக்க வேண்டும். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான வகையாக இருந்தால் கைப்பேசி லேப்டாப்பில் தெரியாது. வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைக் கொடுத்துத் தேடினால் உங்கள் மாடலில் சோதித்த பதிப்பு கிடைக்கும். கூகுளில் தேடியதும் முதலில் வரும் ஏதோ ஒரு 'ஃப்ரீ டிரைவர்' தளத்தில் எடுக்காதீர்கள். கெர்னலுக்குள் போய் உட்காரப்போகும் மென்பொருள் அது.

## டிரைவர் சரி, ஆனாலும் நெட் வரவில்லை என்றால்

அப்டேட்டின்போது அமைப்புகள் மாறியதால் வரும் தொல்லைகள் இவை. வீட்டு ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். முதலாவது தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். புதிய டிரைவர் 5-க்கே முன்னுரிமை கொடுத்தால், ஹாலில் நெட் பறக்கும், பின்னறையில் அடிக்கடி அறுந்து போகும். டிரைவர் பெட்டியில் அட்வான்ஸ்டு தாவலில் பிரிஃபர்டு பேண்ட் என்ற வரி இருந்தால் அங்கே மாற்றலாம்.

சிறிது நேரம் சும்மா விட்டால் நெட் போகிறது, மூடித் திறந்தால் வருகிறது என்றால் பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்குப் போங்கள். மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லா மாடலிலும் இந்தத் தாவல் இருக்காது.

நெட் வருகிறது, ஆனால் வீட்டுப் பிரின்டரோ அலுவலகத்தில் பகிர்ந்த ஃபோல்டரோ தெரியவில்லை என்றால், டிரைவரை மீண்டும் நிறுவியபோது விண்டோஸ் உங்கள் வைஃபையைப் புதிய இடம் என்று எண்ணி 'பப்ளிக்' என்று குறித்துவிட்டிருக்கும். 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும். அலுவலகக் கணினிகளில் ஐபி முகவரியைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். டிரைவர் மாறும்போது விண்டோஸ் அதைப் புதிய அடாப்டராகப் பதிந்து, 'ஈதர்நெட் 2' என்று பெயர் வைத்துவிடுவதுண்டு. பழைய முகவரி பழைய பெயரிலேயே தங்கிவிடும். புதியதில் எழுதப்போனால், இந்த முகவரி வேறு அடாப்டரிடம் இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். டிவைஸ் மேனேஜரின் வியூ பட்டியலில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொன்னால் பழைய அடாப்டர் மங்கலாகத் தெரியும்; அதை நீக்கிவிடலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் நெட்வொர்க் ரீசெட். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள்ளும், விண்டோஸ் 10-இல் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் இருக்கிறது. எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் அமைப்புகளும் மறுபடி தேவைப்படும். பாஸ்வேர்டை முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்கள், கோப்புகள் எதையும் இது தொடாது.

அதற்கும் அசையவில்லை என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை இரவல் வாங்கியாவது செருகிப் பாருங்கள். அதில் நெட் வந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில் இல்லை, உள்ளே இருக்கும் கார்டில்தான். பல லேப்டாப்களில் அந்தக் கார்டு தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. கடையில் மாற்றித் தருவார்கள்.

## லினக்ஸில்

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் அங்கே 'டிரைவர் அப்டேட்' என்பது பெரும்பாலும் கெர்னல் அப்டேட்தான். உபுண்டு பழைய கெர்னலையும் வைத்திருக்கும். கணினி கிளம்பும்போது வரும் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கெர்னலில் நுழைந்து பாருங்கள். அதில் வைஃபை வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பிராட்காம், ரியல்டெக் சிப்புகள் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அவற்றை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி கட்டமைக்க வேண்டும். அது நடக்காமல் போனால் அப்டேட் முடிந்ததும் வைஃபை காணாமல் போகும்.

## திரும்பக் கிடைத்த பிறகு

ரோல் பேக் செய்து நெட் வந்துவிட்டது என்று விட்டுவிட்டால், அடுத்த வாரமே விண்டோஸ் அதே டிரைவரை மறுபடி கொண்டுவந்து போடக்கூடும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் அப்டேட்ஸ் கொடுத்து ஒன்றிலிருந்து ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். விண்டோஸின் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசி என்ற அமைப்புப் பகுதியில், விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்கள் வர வேண்டாம் என்று நிரந்தரமாகவே சொல்லலாம்.

அப்டேட்டை நிறுத்தி வைத்த காலத்தில், இப்போது வேலை செய்கிற டிரைவரின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் நிறுவும் கோப்பை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். கணினியின் அமைப்புகளை முந்தைய நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வசதி இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இயக்கி, திரும்பி வருவதற்கான நிலையாக ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஐந்து வாரம் முடிவதற்குள் அதே தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய வைஃபை டிரைவர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதை நிறுவிவிட்டு அப்டேட்டை மறுபடி ஓடவிடுங்கள்.